மடங்கும் தூசிக்குழாய்க்குக் காப்புரிமை கிடைக்குமா? தேர்வாளர் படிக்கும் விதம்

ஒரு கை தூரத்தில் எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அதை அணைக்க யாராலும் முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும்போதோ எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்று வந்து சேர்கிறது. பட்டறையில் தூசி உறிஞ்சும் குழாய்க்கும் இதுவே விதி. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வாயிலிருந்து விலகிப் போனால், வாயில் இருந்த காற்றின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை.

ஆகவே மோட்டார் எவ்வளவு பெரியது என்பதைவிட, குழாயின் வாய் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முக்கியம். ரம்பத்தில் அறுக்கும்போது தூசி ஓரிடத்தில் கிளம்பும். கடைசல் எந்திரத்தில் வேறிடத்தில். துளையிடும்போது துளையின் வாயிலேயே. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் சேர்த்தது. இது வெறும் சுத்தம் சார்ந்த விஷயமாக இருந்திருந்தால் இத்தனை பேர் இதற்காக மூளையைக் கசக்கியிருக்க மாட்டார்கள்.

வேண்டிய பக்கம் திருப்பி, வேண்டிய கோணத்தில் நிறுத்திவைக்கக்கூடிய மூட்டுள்ள குழாய் இந்தத் தேவையிலிருந்துதான் பிறக்கிறது. அப்படியொன்றைச் செய்து பார்த்தவருக்கு அடுத்து எழும் கேள்வி: இதற்குக் காப்புரிமை கிடைக்குமா? அந்தக் கேள்விக்குக் காப்புரிமை அலுவலகத்தில் எப்படி விடை தேடுகிறார்கள் என்பதை ஒரு கற்பனைக் குழாயை வைத்துப் பார்ப்போம். குழாய் எளிமையானது என்பதால் தேர்வின் எலும்புக்கூடு இதில் நன்றாகத் தெரியும்.

பொருளுக்கு உரிமை இல்லை, வாக்கியத்துக்கு உரிமை

புதிதாக இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வாளர், அதாவது விண்ணப்பத்தைச் சோதிக்கும் காப்புரிமை அலுவலக அதிகாரி, குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தில் விளக்கவுரையும் வரைபடங்களும் இருக்கும். கடைசியில் எண்ணிட்ட சில வாக்கியங்கள் இருக்கும். அவற்றுக்குக் கோரிக்கைகள் என்று பெயர். ‘இந்த எல்லைக்குள் வருவதெல்லாம் எனக்கு மட்டுமே உரியது’ என்று வேலி போடுபவை அவைதான். தேர்வு முழுவதும் அந்த வேலியைப் பற்றியதே.

நம் கற்பனை விண்ணப்பத்தின் முதல் கோரிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“பட்டறைத் தூசி சேகரிப்புக்கான குழாய் அமைப்பு; இதில் உறிஞ்சும் கருவியுடன் இணையும் முதல் குழாய்த்துண்டும், எந்திரத்தின் அருகே நிற்கும் திறந்த முகப்புள்ள இரண்டாம் குழாய்த்துண்டும், அவை இரண்டையும் இணைத்து அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தை மாற்ற இடமளிக்கும் மூட்டும், மாற்றிய கோணத்தில் அந்த மூட்டை நிறுத்திவைக்கும் பூட்டும் உள்ளன.”

தேர்வாளர் இதை நான்கு துண்டுகளாக உடைத்துக்கொள்வார்: முதல் குழாய், இரண்டாம் குழாய், கோணம் மாறும் மூட்டு, பூட்டு. எந்த உலோகம், எந்த நிறம், எத்தனை அங்குலம் என்று கோரிக்கை சொல்லவில்லை. எனவே எந்த உலோகமும் எந்த நிறமும் எந்த அளவும் அதற்குள் அடங்கும். விரிந்த வேலி உரிமையாளருக்கு லாபம்தான். ஆனால் வேலி விரிய விரிய, ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்று அதற்குள் அகப்பட்டுவிடும் வாய்ப்பும் கூடுகிறது. ‘மூட்டு’ என்ற சொல்லுக்கு விண்ணப்பதாரர் மனத்தில் இருந்த பொருளைத் தேர்வாளர் தேட மாட்டார். அந்தச் சொல் நியாயமாகத் தாங்கக்கூடிய மிக விரிவான பொருளையே எடுத்துக்கொள்வார். மனத்தில் இருந்தது பந்தும் கிண்ணமும் போன்ற மூட்டாக இருக்கலாம்; கோரிக்கையின்படி ஒரு கீலும் மூட்டுதான்.

தேடல் எங்கே நடக்கிறது

உலகின் காப்புரிமை ஆவணங்கள் பொருள்வாரியாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. 1971-இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழியே வந்த பன்னாட்டு வகைப்பாட்டு முறை இதற்கு அடிப்படை. ஒவ்வொரு வகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு உண்டு. தூசிக்குழாய்க்கு எந்த அலமாரியைத் திறப்பது என்று பார்த்தால், ஒன்று போதாது என்பது உடனே தெரியும். மரவேலை எந்திரங்களிலிருந்து தூளையும் சிம்புகளையும் அகற்றும் ஏற்பாடுகளுக்கு பி27ஜி 3/00 என்ற குறியீடு. பொதுவான எந்திரக் கருவிகளின் துணைச் சாதனங்கள் பி23கியூ 11/00-இல் இருக்கின்றன. அழுக்கும் புகையும் பிறக்கும் இடத்திலேயே அவற்றைப் பிடித்து அகற்றுவது பி08பி 15/00. குழாய்களின் அசையும் மூட்டுகள் எஃப்16எல் 27/00. அதற்குள்ளேயே பந்து வடிவ மூட்டுகளுக்கும், குழாயின் அச்சைச் சுற்றித் திரும்பும் மூட்டுகளுக்கும், நீண்டு சுருங்கும் மூட்டுகளுக்கும் தனித்தனி உட்பிரிவுகள்.

கண்டுபிடித்தவர் தன் குழாயை மரவேலைச் சாமானாக மட்டுமே பார்த்திருப்பார். தேர்வாளருக்கு அது நீர்க்குழாய், எண்ணெய்க்குழாய், வெல்டிங் புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் உறவு. சொந்தமாகத் தேடிப் பார்க்கிறவர்கள் மரவேலை அலமாரியோடு நின்றுவிடுவது வழக்கம். இந்தப் பொருளைப் பொறுத்தவரை உண்மையான ஆபத்து குழாய் மூட்டுகளின் அலமாரியில்தான் இருக்கிறது. தேடலை அங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

தேடல் காப்புரிமை ஆவணங்களோடு முடிவதும் இல்லை. விண்ணப்பித்த நாளுக்கு முன் உலகின் எந்த மூலையிலாவது, எந்த மொழியிலாவது மக்கள் பார்வைக்கு வந்த எதுவும் கணக்கில் சேரும்: பொருள் விற்பனைப் பட்டியல், பழைய இதழ், காணொளி, கண்காட்சியில் வைத்த மாதிரி. பிரிட்டனில் காற்றுப்பாய் பொருத்திய சறுக்குப் பலகைக்கான காப்புரிமை 1980-களில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அதற்கு வழிவகுத்த சான்றுகளில் ஒன்று, 1958-இல் ஹேலிங் தீவில் 12 வயதுச் சிறுவன் தானே செய்து கடலில் ஓட்டிய பலகை. அவன் எங்கும் பதிவு செய்யவில்லை, ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாரும் பார்க்கும்படி ஓட்டினான். அது போதுமானதாக இருந்தது.

இதனால் விண்ணப்பதாரரின் சொந்தக் காணொளியே அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். குழாயைச் செய்த மகிழ்ச்சியில் முதலில் உலகுக்குக் காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், அமெரிக்காவில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலோ மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர அப்படிப்பட்ட சலுகை கிடையாது. முதலில் விண்ணப்பம், பிறகு காட்சி. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

முதல் சல்லடை: புதியதா?

தேடலில் வெல்டிங் புகையை இழுக்கும், கைபோல் நீளும் குழாய் அமைப்பு (புகைக்கை) ஒன்றின் பழைய ஆவணம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சுவரிலுள்ள உறிஞ்சும் கருவியோடு இணையும் ஒரு குழாய், முனையில் முகப்புள்ள இன்னொரு குழாய், நடுவே வளையும் மூட்டு, இறுக்கி நிறுத்தத் திருகு. நம் கோரிக்கையின் நான்கு துண்டுகளும் ஒரே ஆவணத்தில் வந்துவிட்டன. புதுமை போயிற்று.

‘அது புகைக்கானது, என்னுடையது மரத்தூசிக்கானது’ என்று விண்ணப்பதாரர் வாதிடலாம். இந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது. ஒரு பொருளைக் கோரும்போது ‘இன்னதற்கான’ என்று எழுதினால், அந்த வேலைக்கு ஏற்ற எந்தப் பொருளும் அதற்குள் அடங்கும் என்றே தேர்வாளர் பொதுவாக எடுத்துக்கொள்வார். புகைக்கை மரத்தூசியையும் இழுக்கும் என்றால் பெயர் வேறாக இருப்பது காப்பாற்றாது. புகைக்கை அந்த வேலைக்கு உண்மையில் ஏற்றதல்ல என்று காட்ட முடிந்தால் கதை வேறு. மரச்சிம்புகளைக் குழாய்க்குள் படியவிடாமல் அடித்துச் செல்ல நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும். மெல்லிய புகைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் இந்த வேறுபாடு கோரிக்கையின் சொற்களில் ஏதாவது ஒரு வடிவமாக, ஒரு பாகமாக வெளிப்பட்டாக வேண்டும். விளக்கவுரையில் மட்டும் இருந்தால் வேலிக்கு வெளியே நிற்கும் மரம்தான் அது.

புதுமையை அழிக்க ஒரே ஆவணத்தில் எல்லாத் துண்டுகளும் இருக்க வேண்டும் என்பது கறாரான விதி. மூன்று துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே என்றால் புதுமை தப்பிவிடும். ஆனால் அடுத்த சல்லடை காத்திருக்கிறது.

இரண்டாவது சல்லடை: யாருக்கும் தோன்றக்கூடியதா?

பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குவது இங்கேதான். துறையறிந்த சாதாரணமான ஒருவர், முன்பிருந்தவற்றை எல்லாம் அருகில் வைத்துக்கொண்டு, பெரிய சிரமமின்றி இந்த ஏற்பாட்டுக்கு வந்திருப்பாரா? ‘ஆம்’ என்றால் காப்புரிமை இல்லை. இப்போது தேர்வாளர் இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஐரோப்பியத் தேடல் அறிக்கையில் ஆவணங்களுக்குப் பக்கத்தில் எழுத்துக் குறிகள் இருக்கும்: தனியாகவே கோரிக்கையைக் கவிழ்க்கக்கூடியதற்கு எக்ஸ், மற்றொன்றோடு சேர்ந்து கவிழ்க்கக்கூடியதற்கு ஒய், பின்னணித் தகவலுக்கு ஏ. அறிக்கை கைக்கு வந்ததும் அனுபவசாலிகளின் கண் முதலில் எக்ஸையும் ஒய்யையும்தான் தேடும்.

எந்திரப் பொருள்களில் இந்தச் சல்லடை எவ்வளவு நுண்ணியது என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகள் நல்ல பாடம். 2007-இல் தீர்ப்பான கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கு, கார் ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப நகர்த்தக்கூடிய மிதி பற்றியது. நகரும் மிதி ஏற்கெனவே இருந்தது. மிதியின் அசைவை அளக்கும் மின்னணு உணரியும் இருந்தது. உணரியை மிதியின் அசையாத சுழல்மையத்தில் பொருத்தியதே கோரப்பட்ட புதுமை. கார்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் துறையறிந்தவர் எவரும் இந்தச் சேர்க்கையைச் செய்திருப்பார் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தெரிந்த பாகங்களைத் தெரிந்த முறையில் இணைத்து எதிர்பார்த்த பலனையே பெற்றால் அது கண்டுபிடிப்பாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

1966-இல் வந்த கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கு இன்னும் பழையது. நம் குழாய்க்கு இன்னும் நெருக்கமானது. பாறை நிறைந்த நிலத்தில் உழும்போது கலப்பையின் தண்டு உடையாமல் வளைந்து கொடுக்க உதவும் பிடிப்பு பற்றியது அது. முந்தைய வடிவத்தில் தண்டு ஒரு தகட்டுக்கு மேலே இருந்தது. புதியதில் கீழே வந்தது. இந்த இடமாற்றத்தால் தண்டு அதன் முழு நீளத்துக்கும் தாராளமாக வளைகிறது என்று பின்னாளில் நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். அந்த வாதம் காப்புரிமை அலுவலகத்தில் எழுப்பப்படவே இல்லை என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். காப்புரிமை செல்லாமல் போனது. ஒரு பாகத்தை இடம் மாற்றினால் என்ன நன்மை விளைகிறது என்பதை முதல் நாள் எழுதும் விளக்கவுரையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூட்டுக் குழாய்க்குத் திரும்புவோம். முன்பிருந்தவை இங்கே அடர்த்தியானவை. தகரக் குழாய் வேலையில், சாய்வாக வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சுழற்றி, நேர்க்குழாயிலிருந்து செங்கோணம் வரை எந்த வளைவுக்கும் கொண்டுவரும் முழங்கைகள் வெகு காலமாகப் புழக்கத்தில் உள்ளன. பந்து மூட்டுகள், மடிப்புக் குழாய்கள், திருகுப் பிடிப்புகள் எல்லாம் பழையவை. திருகுக்குப் பதில் நெம்புகோல் பூட்டு, ஒரு மூட்டுக்குப் பதில் மூன்று மூட்டு, உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் என்ற மாற்றங்களை மட்டும் நம்பி வருகிறவரிடம், ‘துறையறிந்தவர் வழக்கமாகச் செய்யும் தேர்வு’ என்ற ஒரே வரியில் தேர்வாளர் பதில் சொல்லிவிடுவார்.

தப்பிக்கும் வழி எங்கே இருக்கிறது

முதல் நிராகரிப்புக் கடிதம் வந்ததும் மனமுடைந்து விலகிவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். முதல் கடிதத்தில் ஆட்சேபம் இருப்பதுதான் வழக்கம். உரையாடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் விண்ணப்பத்தின் விளக்கவுரையில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: பந்து மூட்டின் வெளிக்கிண்ணத்தில் நெகிழும் ரப்பர் இதழ் ஒன்று உண்டு. உறிஞ்சும் கருவி ஓடும்போது குழாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அந்த இதழைப் பந்தின்மீது அழுத்துகிறது. காற்றுக் கசிவு நிற்கிறது; உராய்வு கூடி மூட்டும் அதே கோணத்தில் நிற்கிறது. கருவியை நிறுத்தினால் இதழ் தளர்ந்து, குழாயை ஒரு விரலால் திருப்பலாம். தனியாகத் திருகோ நெம்புகோலோ வேண்டாம்.

இப்போது பேச ஏதோ இருக்கிறது. முதல் கோரிக்கையில் ‘பூட்டு’ என்று பொதுவாக இருந்ததை எடுத்துவிட்டு, உறிஞ்சழுத்தத்தால் அழுத்தப்பட்டு மூட்டை நிறுத்திவைக்கும் இதழ் என்று குறுக்கி எழுதலாம். வேலி சிறிதாகிறது, ஆனால் வெல்டிங் கையின் ஆவணம் அதற்கு வெளியே போய்விடுகிறது. தேர்வாளர் இன்னொரு ஆவணத்தை எடுப்பார்: அழுத்தம் கூடக் கூட இறுகும் இதழ் அடைப்புகள் குழாய்த்துறையில் பழையவை. அதற்கு விண்ணப்பதாரரின் பதில்: அங்கே இதழ் கசிவை மட்டும் தடுக்கிறது, அசையும் மூட்டில் உராய்வு கூடுவதைத் தீமையாகக் கருதிக் குறைக்கவே அந்தத் துறை பாடுபட்டிருக்கிறது, அதே உராய்வை வேலைக்கு அமர்த்தும்படி எந்த ஆவணமும் தூண்டவில்லை. ஐரோப்பிய முறையில் கேள்வி இந்த வடிவத்தில்தான் வரும்: துறையறிந்தவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது போதாது, கையிலிருந்த சிக்கலைத் தீர்க்கும் எதிர்பார்ப்போடு அவர் இதைச் செய்திருப்பாரா என்பதே கேள்வி. துறை ஒரு திசையில் போகும்போது கண்டுபிடிப்பு எதிர்த்திசையில் போயிருந்தால் அது பலமான வாதம். 1966-இல் கிரஹாம் வழக்கோடு அதே நாளில் தீர்ப்பான ஆடம்ஸ் வழக்கில், நீர் ஊற்றி இயக்கும் மின்கலம் ஒன்று இந்த வகை வாதத்தால்தான் காப்புரிமையைக் காத்துக்கொண்டது. அந்தத் துறை வல்லுநர்கள் முதலில் அது வேலை செய்யும் என்றே நம்பவில்லை.

தேர்வாளர் இன்னொன்றும் கேட்கலாம்: அந்த அழுத்தம் மூட்டைத் தாங்குமா? கணக்கு எளிது. உள்ளே அழுத்தம் 2 கிலோபாஸ்கல் குறைந்தால், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இதழின்மீது 20 நியூட்டன் விசை விழுகிறது. சுமார் 2 கிலோ எடைக்குச் சமம். உராய்வாக மாறும்போது இதில் ஒரு பகுதிதான் மிஞ்சும். எடை குறைந்த குட்டைக் குழாயை இது நிறுத்தலாம். கனத்த நீளக் கையை நிறுத்தாது. இதழ் எந்தப் பொருளால் ஆனது, பரப்பு எவ்வளவு, குழாயின் எடை எவ்வளவு வரை தாங்கும் என்பதெல்லாம் விளக்கவுரையில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்துத் துறையறிந்தவர் அப்படியே செய்துகாட்ட முடியாவிட்டால், புதுமை எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பம் விழும். காப்புரிமை ஒரு பண்டமாற்று: ரகசியத்தைச் சமூகத்துக்கு முழுதாகத் திறந்துகாட்டுகிறவருக்கே குறிப்பிட்ட காலம் தனியுரிமை.

மேலே நாம் செய்த திருத்தம் ஓர் இரும்பு விதிக்கு உட்பட்டது. விண்ணப்பித்த நாளன்று ஆவணத்தில் இல்லாத எதையும் பிறகு சேர்க்க முடியாது. இதழ் பற்றிய அந்தப் பத்தி முதலிலேயே இருந்ததால்தான் திருத்த முடிந்தது. இல்லாவிட்டால், கண்டுபிடித்தவர் அதை அறிந்திருந்தாலும், பட்டறையில் அந்த இதழோடு குழாய் தொங்கிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. எனவே முதல் விளக்கவுரை எழுதும்போது சிக்கனம் பார்க்கக் கூடாது. மாற்று வடிவங்கள், சிறிய நுணுக்கங்கள், ஒவ்வொன்றால் விளையும் பலன் எல்லாவற்றையும் எழுதுங்கள். தேர்வாளர் எந்தப் பழைய ஆவணத்தோடு வருவார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்தச் சிறு பத்தி கைகொடுக்கும் என்பதையும்தான்.

சொல்நடை பற்றியும் ஆட்சேபம் வரும். ‘போதிய அளவு இறுக்கமான’, ‘எளிதில் திரும்பும்’ என்ற தொடர்கள் கோரிக்கையில் இருந்தால், எவ்வளவு போதும், யாருக்கு எளிது என்று கேட்பார்கள். இவற்றைச் சரிசெய்வது கடினமில்லை.

எல்லாம் கடந்து உரிமை வழங்கப்பட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அது நீடிக்கலாம். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை குறைந்தபட்சமாக வகுத்த காலம் அது. உரிமை வழங்கிய நாட்டுக்குள் மட்டுமே அது செல்லுபடியாகும். இடையிடையே புதுப்பிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். மற்ற நாடுகளில் விண்ணப்பிக்க, 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி முதல் விண்ணப்ப நாளிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு. முன்னுரிமை நாள் எனப்படும் அந்த முதல் விண்ணப்ப நாளிலிருந்து 18 மாதங்கள் ஆனதும் பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பம் வெளியிடப்படும். பிறகு உரிமை மறுக்கப்பட்டாலும் அந்த ஆவணம் அடுத்து வருகிறவரின் தேடலில் முன்பிருந்தவற்றில் ஒன்றாக நிற்கும்.

உரிமை கிடைத்தால் குழாயைத் தடையின்றி விற்கலாம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. காப்புரிமை மற்றவர்களைத் தடுக்கும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது. நம் இதழ் மூட்டு, இன்னொருவரின் உயிருள்ள காப்புரிமைக்குள் அடங்கும் ஒரு பந்து மூட்டின்மேல் கட்டப்பட்டிருந்தால், அவர் அனுமதியின்றி நாம் விற்க முடியாது. நம் அனுமதியின்றி அவரும் இதழைச் சேர்க்க முடியாது. அந்த நிலையில் இருவரும் ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துக்கொள்வதே வழக்கமான தீர்வு.